விசா புதுப்பிக்க ஊருக்கு வந்தேன், பெயரில் இடித்தது

2019-ல் படிக்கப் போனபோது கிடைத்த அமெரிக்க மாணவர் விசா (எஃப்-1) ஐந்து வருஷம் ஓடி 2024-ல் முடிந்துவிட்டது. அங்கேயே இருக்கிற வரைக்கும் அதனால் ஒன்றுமில்லை. விசா ஸ்டாம்ப் நாட்டுக்குள் நுழைவதற்குத்தான், தங்கிப் படிக்கப் பல்கலைக்கழகம் தருகிற ஐ-20 படிவம் செல்லுபடியாக இருந்தால் போதும். ஆனால் ஊருக்கு வந்துவிட்டால் புது ஸ்டாம்ப் இல்லாமல் திரும்ப முடியாதே என்று பயந்தே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். அப்பத்தாவுக்கு உடம்பு முடியவில்லை என்றதும் 2025 அக்டோபரில் மன்னார்குடிக்குக் கிளம்பி வந்துவிட்டேன்.

முன்பெல்லாம் புதுப்பிக்கிறவர்கள் பலர் இன்டர்வியூ இல்லாமல் டிராப்பாக்ஸில் பாஸ்போர்ட்டைப் போட்டுவிட்டு வருவார்கள். 2025 செப்டம்பர் 2-லிருந்து மாணவர்களுக்கு அது கிடையாது, நேரில்தான் போக வேண்டும். டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பத்தை நிரப்பி, 185 டாலர் கட்டி, கைரேகைக்கு ஒரு நாள், இன்டர்வியூவுக்கு ஒரு நாள் என்று சென்னையில் தேதி வாங்கினேன். படிப்பு தொடர்வதால் வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் மறுபடி கட்ட வேண்டியதில்லை.

இன்டர்வியூவுக்கு எட்டு நாள் இருக்கும்போது, பெரிய கோயில் பக்கம் ஜெராக்ஸ் எடுக்கப் போன இடத்தில்தான் பார்த்தேன், கடைக்காரர் பாஸ்போர்ட்டையும் ஐ-20-யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், இரண்டிலும் பெயர் வேறு வேறு. என் பழைய பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி, நம் ஊரில் நிறைய பேருக்கு அப்படித்தானே. அதனால் ஐ-20-ல் என் பெயரே சர்நேம் ஆகி, முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று இருந்தது, அதாவது முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது அப்பா பெயரை சர்நேமாகச் சேர்த்தேன், ஐ-20-யை மாற்றச் சொல்ல மறந்துவிட்டேன். வயிறு கலங்கிவிட்டது.

அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே இரவு ஏழரை. அன்றைக்கென்று மழை, கரண்ட் இல்லை. போன் வெளிச்சத்தில் பழைய, புது பாஸ்போர்ட் இரண்டையும் படம் எடுத்து, பல்கலைக்கழகத்தில் ஐ-20 பார்க்கிற ஆலோசகருக்கு மெயில் போட்டேன். மூன்றாம் நாள் திருத்திய ஐ-20 மெயிலிலேயே வந்தது, வெளியே போய்த் திரும்ப நுழைவதற்கு ஆலோசகர் போடுகிற பயணக் கையெழுத்தோடு. அதை அச்செடுத்து நானும் கையெழுத்துப் போட்டுக்கொண்டேன். டிஎஸ்-160-ல் ‘வேறு பெயர் இருந்ததா’ என்ற கேள்விக்கு ஆமாம் போட்டு, பழைய பெயரை எழுதியிருந்தது நல்லதாகப் போயிற்று.

மன்னை எக்ஸ்பிரஸில் போய் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றேன். போன் உள்ளே விடமாட்டார்கள், எல்லாவற்றையும் காகிதமாகவே கையில் வைத்துக்கொள்ளுங்கள், முக்கியமாகப் பழைய விசா இருக்கிற பாஸ்போர்ட்டை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டதே நாலைந்து கேள்விதான்: என்ன ஆராய்ச்சி, எப்போது முடியும், யார் செலவு, அப்புறம் பெயர் ஏன் மாறியது. “அது அப்பா பெயர், எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது” என்றேன். தலையாட்டிவிட்டு, விசா தருவதாகச் சொல்லி பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டார்.

ஆகவே அமெரிக்காவிலிருந்து கிளம்பும் முன்பே பாஸ்போர்ட்டையும் ஐ-20-யையும் ஒன்றாக வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் போயிருக்கும் ஆராய்ச்சியாளர்கள் என்றால், ஐ-20-க்குப் பதில் டிஎஸ்-2019 படிவத்தைப் பாருங்கள்.

பாஸ்போர்ட் வந்த அன்று அப்பா நெல்லுக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டுச் சேற்றுக் காலோடு வந்தார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வாங்கி, விசாவில் இருந்த தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். அப்புறம், “இதையும் ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து வச்சிரு தம்பி” என்றார்.