நேப்பிள்ஸின் எஸ்போசிட்டோக்களும் எங்கள் டர்பன் சர்நேம்களும்

இத்தாலியில் ஒருவர் தன் சர்நேம் எஸ்போசிட்டோ என்று சொன்னால், எதிரில் இருப்பவர் உடனே "நேப்பிள்ஸா?" என்றுதான் கேட்பார். நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் ரோஸ்ஸி, ரூஸோ, ஃபெர்ராரி என்ற மூன்றும் முன்னால் நிற்கின்றன. முதல் இரண்டும் சிவப்பு முடியை வைத்து வந்தவை, மூன்றாவது கொல்லர் தொழிலை வைத்து வந்தது. எஸ்போசிட்டோவும் முதல் ஐந்துக்குள் வந்துவிடும், நேப்பிள்ஸ் நகரத்தில் அதற்குத்தான் முதலிடம். என்னோடு வேலை செய்யும் ஒருவருக்கும் இதே சர்நேம். அது எப்படி வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தவன், கடைசியில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த எங்கள் ஆட்களின் கப்பல் பதிவேடுகளில் வந்து நிற்கிறேன்.

நேப்பிள்ஸில் அனுன்சியாட்டா என்று 14ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஒரு பெரிய தர்ம ஸ்தாபனம் இருந்தது. கோயில், ஆஸ்பத்திரி, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம் எல்லாம் ஒரே வளாகத்தில். அதன் தெருச் சுவரில் ஒரு துளை, துளைக்குள் சுழலும் மரப்பெட்டி. ராத்திரியில் யாராவது வந்து குழந்தையை அந்தப் பெட்டிக்குள் வைத்துச் சுழற்றினால் அது உள்பக்கம் திரும்பிவிடும், காத்திருக்கும் பெண் எடுத்துக்கொள்வாள். வைத்தவர் யார் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது, தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடே. அப்புறம் ஓர் எழுத்தர் பெரிய பதிவேட்டைத் திறந்து குழந்தை வந்த நேரம், சுற்றியிருந்த துணி, கழுத்தில் கிடந்த பதக்கம், வயது என்னவாக இருக்கும் என்ற கணிப்பு என்று எல்லாவற்றையும் எழுதுவார். ஞானஸ்நானப் பெயர் ஒன்று கிடைக்கும். அப்பா பெயர் தெரியாததால் அந்த இடத்தில் எஸ்போசிட்டோ. வெளியே வைக்கப்பட்டவன் என்ற பொருளில் லத்தீனிலிருந்து வந்த சொல் அது.

இதைக் கல்யாணமாகாத தாய்மாரின் கதையாக மட்டும் பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. கல்யாணமானவர்களும் வைத்திருக்கிறார்கள். பஞ்ச காலம், பால் வற்றிப்போன தாய், புருஷன் செத்துப்போன வீடு, ஏற்கெனவே நாலைந்து பிள்ளைகள். ஃபிளாரன்ஸ் நகரத்தின் இன்னொசென்டி இல்லத்தில் (1445இல் திறந்தது, புருனெல்லெஸ்கி வடிவமைத்த கட்டடம்) குழந்தையோடு பாதியாக உடைத்த நாணயத்தையோ பதக்கத்தையோ வைத்துவிட்டு மறுபாதியைப் பெற்றவர்கள் தங்களிடமே வைத்துக்கொண்ட வழக்கம் இருந்தது. என்றைக்காவது திரும்பி வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இது என் பிள்ளை என்று காட்டலாம் அல்லவா? அந்தப் பாதிகள் இன்றும் அங்கே காட்சிக்கு இருக்கின்றன. பாதி இன்னும் அங்கேயே இருக்கிறது என்றால் அந்தப் பிள்ளையைத் தேடி யாரும் வரவில்லை, அல்லது வரும்போது பிள்ளை உயிரோடு இல்லை. இந்த இல்லங்களில் குழந்தைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள், பாலூட்டும் செவிலித்தாய்மார் எத்தனை பேர் இருந்தும் போதவில்லை. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு பெயரைக் கையில் வைத்திருந்தது. ஃபிளாரன்ஸில் இன்னொசென்டி, ரோமில் புரொயேட்டி, பொலோனியாவில் தெலி எஸ்போஸ்தி. மிலானில் ஆஸ்பத்திரியின் சின்னம் புறா என்பதால் கொலம்போ, ஆனால் கொலம்போ என்ற சர்நேம் அதற்கு முன்பும் இருந்ததால் அந்தப் பெயர்க்காரர் எல்லோரும் இல்லத்துப் பிள்ளைகளின் வம்சம் இல்லை. நேப்பிள்ஸ் மக்கள் தங்கள் ஊர் அனுன்சியாட்டா குழந்தைகளை மாதாவின் பிள்ளைகள் என்று அழைத்தார்கள். ஊரே சேர்ந்து ஒரு தாயைக் கொடுத்த மாதிரி. இத்தனை பெயர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான், ஆனால் அது பதிவேட்டில் ஏறவில்லை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேப்பிள்ஸை ஆண்ட ஜோவாக்கின் மூரா, கண்டெடுத்த குழந்தைகளுக்கு எல்லாம் இந்த ஒரே சர்நேமைக் கொடுப்பதைத் தடை செய்தார். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் பிறப்பு தெரிந்துவிடக் கூடாது என்று, அதற்குப் பிறகு அதிகாரிகள் ஒவ்வொரு குழந்தைக்கும் வெவ்வேறு புதுப் பெயரைத் தேடிக் கொடுத்தார்கள். சுழலும் பெட்டியை 1875இல் மூடினார்கள். ஆனால் அதற்குள் பல தலைமுறை ஆண்கள் அந்த இல்லத்திலிருந்து வளர்ந்து வெளியே வந்து, கல்யாணம் செய்து, அதே பெயரைத் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். நேப்பிள்ஸ் தெருக்கள் எஸ்போசிட்டோக்களால் நிறைந்துபோக இதுதான் காரணம். ஒரு மூதாதையிடமிருந்து பிரிந்த கிளைகள் இல்லை இவர்கள், அந்தப் பெட்டிக்குள் வந்த ஒவ்வோர் ஆண் குழந்தையும் தனி வேர். பக்கத்துப் பக்கத்து வீட்டு எஸ்போசிட்டோக்களுக்கு ரத்த சம்பந்தம் துளியும் இல்லாமல் இருக்கலாம்.

நேப்பிள்ஸ் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்களோடு பெயரும் அமெரிக்கா போனது. கனடாவில் பிறந்த ஐஸ் ஹாக்கி வீரர் ஃபில் எஸ்போசிட்டோவும், அப்பா வழியில் நேப்பிள்ஸ்காரரான நடிகர் ஜான்கார்லோ எஸ்போசிட்டோவும் உலகம் அறிந்தவர்கள். 1889இல் ராணி மார்கரீட்டாவுக்கு பீட்சா செய்துகொடுத்ததாகச் சொல்லப்படும் ரஃபாயெலேயும் எஸ்போசிட்டோதான். கேவலமாக நினைத்து ஒளித்து வைக்கிற பெயராக அது இன்றைக்கு இல்லை.

நாங்கள் வாழும் தென்னாப்பிரிக்காவுக்கும் இத்தாலியர்கள் வந்தார்கள், ஆனால் பெருங்கூட்டமாக வந்தது கைதிகளாகத்தான். இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட வீரர்களை 1941 முதல் 1947 வரை பிரிட்டோரியாவுக்குக் கிழக்கே சோண்டர்வாட்டர் முகாமில் அடைத்து வைத்தார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் போர்க்கைதிகள் தங்கள் கையாலேயே கட்டிய கல் தேவாலயம் இன்றும் இருக்கிறது, அந்தப் பக்கம் போகிறவர்கள் அவசியம் பாருங்கள். 1942 நவம்பரில் நோவா ஸ்கோஷியா என்ற கப்பல் இத்தாலியக் கைதிகளோடு டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் கரைக்கு அப்பால் ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டபோது, நம் கடற்கரையில் உடல்கள் ஒதுங்கின.

இனி நம் கதைக்கு வருகிறேன். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்ணோடு பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பிலுள்ள தழும்பு. எழுதியவருக்குத் தமிழ் தெரியாது, சொன்னவருக்கு இங்கிலீஷ் தெரியாது. முனுசாமி மூன்சாமி ஆனார், முதலி மூட்லி ஆனார், நாயுடு நாய்டூ ஆனார். நமக்கு சர்நேம் வழக்கமே கிடையாது, அப்பா பெயரை முன்னால் போட்டுக்கொள்வோம், அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். இங்கே பள்ளிக்கூடமும் ஆபீஸும் நிலையான ஒரு சர்நேம் கேட்டபோது, சிலருக்கு அப்பன் பெயரே சர்நேமாக நின்றுவிட்டது, சிலர் சாதிப் பட்டத்தைப் போட்டுக்கொண்டார்கள். எங்கள் குடும்பத்திலேயே கொள்ளுத்தாத்தா வழி நாங்கள் மூன்சாமி, அவருடைய கூடப்பிறந்த தம்பி வழி வந்தவர்கள் பிள்ளை. ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு இரண்டு சர்நேம். ஆனால் டர்பனில் நம் ஆட்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எல்லா மூன்சாமிகளும் எனக்குச் சொந்தம் இல்லை.

அதனால்தான் கல்யாண வீட்டில் சர்நேமைக் கேட்டு ஆளை எடைபோடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. "அவங்க மூட்லி, நாம யாரு?" என்று பேசுகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிளார்க் எப்படிக் காதில் வாங்கினாரோ அது, நம் முன்னோர் கேட்ட கேள்விக்கு அவசரத்தில் என்ன பதில் சொன்னார்களோ அது. அதை வைத்து ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்வது அநியாயம். பெற்றவர் யாரென்றே தெரியாத குழந்தைக்குக் கொடுத்த பெயரை நேப்பிள்ஸ்காரர்கள் வாசல் பலகையில் பெருமையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

என் அக்கா மகள் போன மாதம் "மாமா, டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா நம்ம ஊரு தெரிஞ்சிடுமா?" என்று கேட்டாள். ஊர் தெரியாது, ஏதோ ஒரு பெரிய பிரதேசத்தைக் காட்டும், அவ்வளவுதான். ஊர் வேண்டும் என்றால் கப்பலில் வந்தவருக்குக் கொடுத்த அந்த எண்ணைத் தேட வேண்டும். பழைய கல்யாணச் சான்றிதழ், பிறப்புப் பத்திரம், ஒப்பந்தம் முடிந்தபோது கொடுத்த காகிதம் என்று வீட்டுப் பெட்டியில் எது கிடந்தாலும் எடுத்துப் பாருங்கள், பெயருக்குப் பக்கத்தில் எண் இருக்க வாய்ப்பு உண்டு. டர்பன் வெஸ்ட்வில்லில் உள்ள குவாஸுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி லுத்துலி ஆவண மையத்தில் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. எண் கிடைத்தால் அந்த வரிசையில் அப்பா பெயரையும் ஜில்லாவையும் ஊரையும் சேர்த்தே படியுங்கள். ஊர்ப் பெயரின் ஸ்பெல்லிங் கண்டபடி இருக்கும், வாய்விட்டுச் சத்தமாகப் படித்துப் பார்த்தால் சில சமயம் பிடிபடும். ஆயா, தாத்தா யாராவது உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள், அவர்கள் சின்ன வயதில் காதில் விழுந்த ஊராக இருக்கலாம்.