அசினூ மாதா கோயிலின் இரட்டைக் கூரை

சைப்ரஸ் தீவில், ட்ரூடோஸ் மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்திலுள்ள நிக்கிடாரி கிராமத்தைக் கடந்து சில கிலோமீட்டர் மேலேறினால் அசினூ மாதா கோயிலை அடையலாம். கல்லால் கட்டிய சுவர்களும் செங்குத்தாகச் சரியும் ஓட்டுக் கூரையுமாக, வெளியிலிருந்து பார்க்கையில் அது ஒரு தானியக் களஞ்சியம் போலவே நிற்கிறது. யுனெஸ்கோ 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ட்ரூடோஸ் ஓவியக் கோயில்களில் இதுவும் ஒன்று.

உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேல் தெரிவது கல் வளைவுக் கூரை. வெளியே நாம் கண்ட ஓட்டுக் கூரை, அந்த வளைவுக்கு மேலே மரச்சட்டங்களின் மீது பிற்காலத்தில் எழுப்பப்பட்ட இரண்டாவது கூரையாகும். மலைப்பகுதியின் பனியும் மழையும் வளைவுக் கூரையின் மீது நேரடியாக இறங்கினால், ஈரம் கல்லிடுக்குகளின் வழியே கசிந்து, ஓவியத்தைத் தாங்கும் சுண்ணாம்புப் பூச்சைச் சுவரிலிருந்து பிரித்துவிடும். ஆகவே ஓவியங்களைக் காப்பாற்றிய பெருமையில் முதல் பங்கை, காலந்தோறும் ஓடு மாற்றி மரம் மாற்றி வந்த கைகளுக்கே நான் தருவேன்.

தெற்கு வாசலுக்கு மேலுள்ள கல்வெட்டு வாசகம், நிகேபோரோஸ் என்னும் பைசாந்திய (கிழக்கு ரோமப்) பேரரசுப் பிரமுகரின் கொடையால் 1105-06இல் கோயிலுக்கு ஓவியம் தீட்டப்பட்டதைத் தெரிவிக்கிறது. அந்த முதற்காலப் படங்களில் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது செபாஸ்தேயின் நாற்பது மறைசாட்சிகள். கிறிஸ்தவ நம்பிக்கையைக் கைவிட மறுத்ததற்காக உறைபனி ஏரியில் நிறுத்தப்பட்ட அந்தப் படைவீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து குளிரில் நடுங்குவதை, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் உடலில் உணர முடிகிறது.

பலிபீடத்தின் பின்னுள்ள அரைவட்ட மாடத்தில்தான் சீரமைப்பின் வரலாறு தெளிவாகத் தெரிகிறது. அதன் மேற்கவிகை ஒருமுறை இடிந்து விழ, மீண்டும் கட்டி, 14ஆம் நூற்றாண்டில் கன்னி மரியாளையும் இருபுறமும் வானதூதர்களையும் புதிதாக வரைந்தார்கள். கீழே சுவரில் 12ஆம் நூற்றாண்டு ஓவியம் இருந்தபடியே தொடர்கிறது. 1960களின் பின்பாதியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டம்பார்ட்டன் ஓக்ஸ் நிறுவனத்தின் வல்லுநர்கள் இவ்வோவியங்களைத் தூய்மைப்படுத்தியபோது, ஒரு காலத்தை உயர்த்துவதற்காக இன்னொன்றை அழிக்கவில்லை. அந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பழைமையானதே உயர்ந்தது என்று எண்ணி மேற்பூச்சுகளைச் சுரண்டியிருந்தால், கோயில் இடிந்ததையும் ஊரார் அதை மீட்டதையும் கூறும் சான்று தொலைந்திருக்கும். முன்கூடத்திலும் இதே நிலைதான்: அங்கு 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டிய புனித ஜார்ஜ் ஒரு புறமிருக்க, 1332-33இல் வரைந்த இறுதித் தீர்ப்புக் காட்சி மற்ற சுவர்களிலும் வளைவுகளிலும் விரிகிறது.

அசினூவுக்குச் செல்வோர் ஓவியங்களைக் கண்டதும் திரும்பிவிட வேண்டாம். வெளியே கோயிலைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் வந்து, ஒருமுறை இடிந்த அந்த அரைவட்ட மாடத்தை வெளிப்புறமிருந்து தாங்க எழுப்பிய கல் முட்டுச்சுவரையும் பாருங்கள்.