பரிகாரத்துக்கு நாய் தருவதில்லை

வயசான நாயை எடுத்து வளர்க்கிறேன் என்று யாராவது வந்தால், நான் செய்கிற முதல் வேலை அவர்களைப் பயமுறுத்துவதுதான். டாக்டர் சார் உள்ளே ஊசி போட்டுக்கொண்டிருப்பார், அவருக்கு இதையெல்லாம் உட்கார்ந்து பேச நேரம் கிடையாது, அதனால் பாளையங்கோட்டையில் எங்கள் கிளினிக்கைத் தேடி வருகிற இந்த வகை ஆட்களைப் பார்ப்பது பல வருஷமாக உதவியாளனான என் பொறுப்பு. போர்டில் கிளினிக் என்று இருக்கிறதே தவிர, ஆட்டோக்காரரிடம் சொன்னால் மாட்டாஸ்பத்திரிதானே என்று கேட்டுத்தான் கொண்டுவந்து இறக்குவார். மாடு இங்கே வந்து நான் பார்த்ததில்லை. நாய், பூனை, எப்போதாவது ஒரு கிளி, அவ்வளவுதான்.

குட்டி என்றால் பிரச்சினையே இல்லை, கூட்டிப்போக ஆள் வந்துவிடும். வயசானதுகள்தான் தங்கிப்போகும். வாடகை வீடு மாறுகிறவர்கள் புது வீட்டுக்காரர் நாய் கூடாதென்கிறார் என்று இடுப்பு பிசகின லேப்ரடாரை விட்டுப்போவார்கள். நாங்குநேரிப் பக்கம் தோட்டத்தை விற்றால் கிணறு, மோட்டார், தென்னை எல்லாம் பத்திரத்தில் ஏறிவிடும், காவலுக்குக் கிடந்த நாய் மட்டும் ஏறாது. நான்குவழிச் சாலையில் அடிபட்டதை யாராவது புண்ணியவான் லோடு ஆட்டோவில் ஏற்றி வந்து, ஐந்நூறு ரூபாயையும் கையில் திணித்துவிட்டு, போன் நம்பர் கேட்பதற்குள் கிளம்பிவிடுவார். காலையில் ஷட்டரைத் தூக்கினால் கேட்டில் கயிறு கட்டிக் கிடப்பதும் உண்டு. பின்பக்கம் அதற்கென்று கூண்டுகள் இருக்கின்றன, அவை காலியாக இருந்து நான் பார்த்ததில்லை.

எடுக்க வருகிறவர்களில் ஒரு கூட்டத்தை நான் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன். சனிப்பெயர்ச்சி நெருங்கினால் வருவார்கள், தேய்பிறை அஷ்டமிக்கு முந்தின நாள் வருவார்கள். "கருப்பு நாய் இருக்கா சார்? ஜோசியர் வளக்கச் சொல்லியிருக்காரு." வயசானது, கால் வராதது என்று சொன்னால் இன்னும் சந்தோஷம், புண்ணியம் ஜாஸ்தியாம். பைரவர் மேல் எனக்கும் பக்தி உண்டு, கோயிலுக்குப் போனால் நானும் விளக்குப் போடுகிறவன்தான். ஆனால் பரிகாரத்துக்கு முடிகிற தேதி ஒன்று இருக்கிறது, நாய்க்கு அப்படிக் கிடையாது. பெயர்ச்சி முடிந்து சனி அடுத்த ராசிக்குப் போனதும் நாயும் வீட்டைவிட்டுப் போகும். தெருநாய்க்குச் சோறு போடுங்கள், அதுவும் பரிகாரம்தான் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

இன்னொரு கூட்டம் அழுகிறவர்கள். இவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் கஷ்டம். கூண்டுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, "அய்யோ பாவம், இத யாரு இப்படிப் போட்டது" என்று கண் கலங்குவார்கள். பெரும்பாலும் வெளியூரில் வேலை, வீட்டிலிருந்தபடி வேலை பார்க்க ஊருக்கு வந்திருப்பார்கள். நல்ல மனசுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த நாய்க்கு மூத்திரம் நாம்தான் பிதுக்கிவிட வேண்டும் என்று நான் ஆரம்பித்ததும் முகம் மாறும்.

அந்த விஷயத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முதுகுத்தண்டில் அடிபட்ட நாய்க்குப் பின்னங்கால் மட்டும் போவதில்லை, மூத்திரப் பையின் மேலிருக்கும் கட்டுப்பாடும் போய்விடும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை அடிவயிற்றின் பின்பக்கம் இரண்டு கையையும் இரண்டு விலாப்புறமாக வைத்து, பை எங்கே இருக்கிறது என்று தடவிக் கண்டுபிடித்து, மெதுவாக, ஒரே அழுத்தமாகப் பிதுக்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி கையில் தட்டுப்படும். வெடுக்கென்று அமுக்கினால் ஆபத்து, பயந்துகொண்டு லேசாகத் தொட்டால் பாதி உள்ளேயே தங்கிவிடும். தங்கினால் சீழ், காய்ச்சல், கடைசியில் கிட்னி. சொட்டுச் சொட்டாகப் படுக்கையில் ஒழுகுகிறதே, அதுதான் தானாகப் போகிறதே என்று நினைப்பார்கள். அது நிரம்பி வழிவது, போவதில்லை. அப்புறம் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சாக்கில் போட்டால் இடுப்பெலும்பு துருத்துகிற இடத்தில் தோல் உரிந்துவிடும், நம் ஊர் வெயிலுக்கும் ஈக்கும் காலையில் பார்த்த சிராய்ப்பில் மறுநாள் புழு நெளியும். பழைய பருத்திச் சேலையை நாலாக, எட்டாக மடித்துப் போட்டு, அதைத் தினமும் அலசிக் காயப்போட வேண்டும். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பேன்.

"இவ்வளவு இருக்கா?" என்று சொல்லிவிட்டு போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வராது. அது நேர்மையான பதில். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போய், அடுத்த வாரமே வண்டியில் கொண்டுவந்து இறக்குகிறவர்களைத்தான் தாங்க முடியாது. இரண்டாவது தடவை கைவிடப்பட்ட நாய் கூண்டின் மூலையைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும், சோற்றுத் தட்டைத் திரும்பிப் பார்க்காது.

இதில் நாங்களும் அவசரப்படுவதில்லை. பின்னங்கால் இழுத்துக்கொண்டு தெருநாய் ஒன்று வந்தால் எல்லோரும் வண்டி அடித்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். நாங்கள் முதலில் பார்ப்பது வாயை. தாடை தொங்குகிறதா, எச்சில் வடிகிறதா, தண்ணீர் வைத்தால் விழுங்க முடிகிறதா. வெறிநோய் என்றாலே துரத்தித் துரத்திக் கடிக்கும் என்று ஜனங்கள் நினைத்திருக்கிறார்கள், ஆனால் கடிக்காமல் சும்மா வாதம் வந்ததுபோலக் கிடக்கிற வெறிநோயும் உண்டு, எங்களுக்கு அதுதான் பெரிய பயம். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு நாயைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், பார்க்கும்போது நமக்குக் குலை நடுங்கும். சந்தேகம் இருந்தால் பத்து நாள் தனிக்கூண்டு. அறிகுறி வந்துவிட்ட வெறிநாய் அதற்கு மேல் தாங்காது. பத்து நாளும் தாண்டி ஒழுங்காகச் சாப்பிட்டால்தான் எக்ஸ்ரேக்கு ராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவது, ஆள் தேடுவது எல்லாம். எங்களை மாதிரி தினமும் நாய் பிடிக்கிறவர்கள் கடிபடும் முன்னாலேயே தடுப்பூசி போட்டு வைத்திருப்போம், மற்றவர்கள் கடிபட்டால் முதல் மருந்து சோப்பும் குழாய்த் தண்ணீரும், பதினைந்து நிமிஷம் விடாமல் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி. மஞ்சளும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம்.

வயசு என்ன என்று கேட்பார்கள். ஏழு மாதத்துக்குள் நாயின் 42 நிலைப்பல்லும் வந்துவிடும், அதற்கப்புறம் நாங்கள் சொல்வதெல்லாம் தேய்மானத்தையும் காரையையும் பார்த்த உத்தேசம்தான். கண் நீலம் பாரித்திருந்தால் குருடு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எல்லாம் புரை கிடையாது, வயசானால் லென்ஸ் இறுகி அப்படித் தெரியும், பார்வை ஓரளவு இருக்கும். பஞ்சை உருட்டி அதன் முகத்துக்கு முன்னால் மேலிருந்து போட்டுப் பார்ப்பேன். பஞ்சு விழுந்தால் சத்தம் வராது. தலை அதன்கூடக் கீழே இறங்கினால் கண் தெரிகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் எடுக்க வந்தவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள்.

சரி, யாருக்குத்தான் கொடுப்பாய் என்று கேட்டால், திருப்பிக் கேள்வி கேட்கிறவருக்கு. எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல கேள்வி கேட்டது சேரன்மகாதேவிப் பக்கத்து ஆச்சி ஒருத்தி. பேரனுடைய பூனைக்கு மருந்து வாங்க அவன்கூட வந்தவள், பின்பக்கம் கிடந்த வெள்ளை ராஜபாளையத்தைப் பார்த்துவிட்டு, அழவில்லை, அய்யோ பாவம் சொல்லவில்லை. "வெளிக்கு ஒழுங்காப் போகுதா?" என்றாள்.

அது தோட்டத்துக் காவல் நாய், பைபாஸில் அடிபட்டது, பின்னங்கால் முக்கால்வாசி போய்விட்டது. போதாததுக்குப் பிறவிச் செவிடு. பால்வெள்ளை ராஜபாளையத்தில் இது சகஜம், தோலுக்கு நிறம் தருகிற அதே செல்கள் உள்காதுக்கும் வேண்டும், அவை இல்லாவிட்டால் குட்டியாக இருக்கும்போதே காது போய்விடும். 2005-ல் தபால்தலையில் போட்ட பெருமையான ஜாதிதான், ஆனால் கலப்பில்லாத வெள்ளைதான் வேண்டும் என்று நெருங்கின ரத்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து வளர்க்கிறவர்கள் இதைப் பற்றிப் பேசமாட்டார்கள். அடித்த வண்டியின் ஹாரன் இதற்குக் கேட்டிருக்காது.

என் பயமுறுத்தல் பாட்டு முழுவதையும் ஆச்சியிடம் பாடினேன். நின்றபடியே கேட்டாள். "எங்க வீட்டுல அவுக பக்கவாதம் வந்து எட்டு வருஷம் கெடந்தாக தம்பி. பொரட்டிப் போடுதது, பவுடர் போடுதது, எல்லாம் நாந்தான். அவுக வைவாக. இது வையாதுல்லா?" என்றாள். டாக்டர் சாரே உள்ளேயிருந்து சிரித்துவிட்டார். கட்டிலில் கிடந்த ஒரு மனுஷனைப் பார்த்த கைக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. பையைத் தடவிக் காட்டினேன், இரண்டாவது தடவையே பிடித்துக்கொண்டாள்.

வயசான ஆளுக்கு நாய் கொடுக்கலாமா என்பதில் எனக்கும் கிளினிக்கில் மற்றவர்களுக்கும் ஒத்துப்போகாது. குட்டி நாயைக் கொடுத்தால் அது பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் இருக்கும், அதுதான் தப்பு. வயசான நாயை வீட்டில் எந்நேரமும் இருக்கிற ஒரு ஆச்சியிடம் கொடுப்பதைவிட வேறு எங்கே கொடுப்பது? ஒரே சிக்கல் கனம். ராஜபாளையம் இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. ஈரிழைத் துண்டை அடிவயிற்றில் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே சேர்த்துப் பிடித்துத் தூக்கினால் முன்னங்காலால் அதுவே நடந்துவிடும் என்று காட்டினேன். காலையிலும் சாயங்காலமும் பக்கத்து வீட்டுப் பையன் துண்டு பிடிக்க வந்தான். ஆச்சி அவனுக்கு முறுக்கு கொடுத்துச் சம்மதிக்க வைத்திருக்கிறாள்.

ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது வீட்டுக்குள் எட்டிப்பார்த்தேன். வழவழவென்று சிமெண்ட் தரை, அதன்மேல் கோரைப்பாய். பாயோடு சேர்ந்து நாயும் சறுக்கிக்கொண்டிருந்தது. ரப்பர் விரிப்பு வாங்குங்கள் ஆச்சி என்றேன். "பத்தமடையில பொறந்துட்டு ரப்பர் விரிக்கவா?" என்று முறைத்தாள். கடைசியில் கயிற்று மிதியடிகளை வரிசையாகப் போட்டு ஒரு பாதை மாதிரிச் செய்துவிட்டாள், அது ரப்பரைவிட நன்றாகவே பிடித்தது. தூங்குகிற செவிட்டு நாயைப் பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடும் என்று சொல்லியிருந்தேன், அதற்கு அவள் தரையில் காலால் இரண்டு தட்டுத் தட்டினாள். அதிர்வில் அது கண்ணைத் திறந்து, வாலை ஆட்ட முடியாமல் காதை மட்டும் ஆட்டியது.

நடுவில் ஒரு கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் பாசத்தில் அல்வாவை அள்ளி ஊட்டிவிட்டுப் போய், மறுநாள் ஒரே வாந்தி, வயிற்றை இறுக்கிக்கொண்டு கூனிக் கிடந்தது. அவ்வளவு நெய்யை வயசான நாயின் கணையம் தாங்காது. இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினோம். நம் ஊரில் வயசான நாய் வளர்க்கிறவர்கள் விருந்தாளியிடம் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். கால் வலிக்கிறதே என்று நமக்கு வாங்கின வலி மாத்திரையில் பாதி கொடுப்பதும் அதே ரகம், குடலிலும் கிட்னியிலும் கொண்டுபோய்விடும்.

தெருவில் பேசத்தான் செய்தார்கள். "கெழவிக்குக் கோட்டி புடிச்சிருக்கு. ஊசி போட்டுப் படுக்கவைக்காம, சவத்தக் கட்டி அழுதுக்கிட்டு." ஊசி போட்டு முடித்துவிடச் சொல்லி எங்களிடமும் ஆட்கள் வருவார்கள். வலி தாங்காமல், சாப்பிடாமல், மருந்துக்குக் கேட்காமல் கிடக்கிறதை டாக்டர் சார் அப்படி முடித்துவைத்திருக்கிறார், அதில் தப்பு இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் தட்டைப் பார்த்ததும் முன்னங்காலால் ஊர்ந்து வருகிற நாய்க்கு அந்த ஊசி எதற்கு? பார்க்கிறவர் கண்ணுக்குத்தான் கஷ்டம், அதன் வயிற்றுக்குப் பசி இருக்கிறது.

வெள்ளையன் ஒரு வருஷத்துக்கு மேலேயே இருந்தான், போன ஐப்பசி மழையில் கிட்னி போய்விட்டது. ஆச்சி போன் பண்ணிச் சொன்னாள், கொல்லையில் அடக்கம் பண்ணியாச்சு என்றாள், அப்புறம் ஒரு மாதம் போனே இல்லை. திடீரென்று ஒருநாள், "தம்பி, இன்னொண்ணு கெடந்தா சொல்லு. கண்ணு தெரியலன்னாலும் பரவால்ல. ஆனா தூக்குதாப்ல இருக்கணும்."

இப்போது ஒரு போமரேனியன் இருக்கிறது. சர்க்கரை நோய், அதனாலேயே இரண்டு கண்ணிலும் புரை. தினமும் இரண்டு வேளை, சாப்பாடு கொடுத்ததும் இன்சுலின் போட வேண்டும், மருந்தை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். போன் போட்டு வழக்கம்போலப் பயமுறுத்தினேன். ஊசியெல்லாம் அவளுக்குப் பழக்கம்தானாம், அவளுக்கும் சுகர். ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்டேன்.

"மாவுச்சட்டிக்குப் பக்கத்துல எடம் கெடக்கு. அது காலையில எத்தன மணிக்குத் திங்கும், அதச் சொல்லு மொதல்ல."