ஆர்டிஇ லாட்டரியும் மேப்புல நாங்க வச்ச புள்ளியும்

நான் தாராவியில பொறந்து வளந்தவ. பெரியவங்க திருநெல்வேலிப் பக்கம், எங்களுக்கு ஊருன்னா கோயில் கொடைக்கு வருஷத்துல ஒரு தடவ போறதோட சரி. ஏழாவது வரைக்கும் முனிசிபல் ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்சேன். என் பொண்ண 2024ல ஒண்ணாவது சேக்க வேண்டி வந்தப்ப நான் அந்த ஸ்கூல் வேணாம்னு சொல்லவும் வீட்ல எல்லாரும் என்ன ஒரு மாதிரி பாத்தாங்க. அத்தை நேராவே கேட்டுட்டாங்க, "ஏன்ளா, நீ படிச்ச ஸ்கூலு உம் பிள்ளைக்கு ஆகாதா?"

ஆகாதுன்னு இல்ல. எனக்கு சொல்லிக் குடுத்த டீச்சருங்க மாதிரி நான் அப்புறம் எங்கயும் பாக்கல. இப்ப பை, ஷூ, நோட்டு, யூனிஃபார்ம்னு 27 பொருள் வேற ஃப்ரீயா குடுக்காங்க, சாப்பாடும் உண்டு, பீஸ் கிடையாது. பிரச்சினை ஸ்கூல்ல இல்ல, அது எங்க முடியுதுங்கறதுலதான். நான் படிச்சது ஏழாவதோட முடிஞ்சுச்சு, எட்டாவதுக்கு வெளிய வேற ஸ்கூல், இங்கிலீஷ் மீடியம். மொத வாரம் மேத்ஸ் டீச்சர் ந்யூமரேட்டர் எதுன்னு போர்டுக்கு கூப்ட்டாங்க, எனக்கு தொகுதி பகுதி தெரியும், பின்னத்துல எவ்வளவு பெரிய கணக்கும் போடுவேன், ஆனா அந்த வார்த்தை என்னன்னே தெரியல, சாக்பீஸ கையில வச்சுட்டு நின்னேன். மூணு மாசம் அப்படித்தான். எங்க கிளாஸ்ல இருந்து வந்த பொண்ணுங்க நாலு பேர்ல ரெண்டு பேர் தீபாவளிக்கு அப்புறம் வரவே இல்ல. அதனால என் பொண்ணுக்கு நான் தேடுனது நல்ல ஸ்கூல்னு கூட இல்ல, ஒண்ணாவதுல நுழைஞ்சா பத்தாவதுல வெளிய வர்ற மாதிரி ஒரு கட்டடம், அவ்வளவுதான். எங்க பக்கம் கஷ்டப்பட்டு பிரைவேட்ல போடற முக்காவாசி பேர் கதையும் இதுதான், மத்தவங்க சொல்ற மாதிரி டை கட்டி அழகு பாக்கறதுக்கு இல்ல. சரி, கொஞ்சம் டையும் உண்டு, பொய் சொல்லக் கூடாது.

பீஸ் கட்டி சேக்க எங்களால ஆகாது, வீட்டுக்காரர் டெய்லரிங் யூனிட்ல உருப்படிக்கு இவ்வளவுன்னு கூலிக்கு தைக்கறவர். அப்ப ஆர்டிஇதான், அதாவது கல்வி உரிமைச் சட்டம். பிரைவேட் ஸ்கூல்ல நுழைவு வகுப்புல 25 சதவீதம் சீட்டு ஏழைப் பிள்ளைங்களுக்கு, ஆன்லைன்ல ஃபார்ம், லாட்டரி. எஸ்சி, எஸ்டி, ஓபிசின்னு மஹாராஷ்ட்ரா சர்டிஃபிகேட் இருந்தா வருமான வரம்பு கிடையாது, ஆனா எங்ககிட்ட இருக்கறது தமிழ்நாட்டு சர்டிஃபிகேட், அது இங்க செல்லாது. மூணு தலைமுறையா இங்க இருக்கோம், சொன்னா யார் கேக்கா. அப்ப வருமான வழி, வருஷம் 1 லட்சத்துக்குள்ள இருக்கணும். பாம்பேல மாசம் எட்டாயிரத்துச் சொச்சத்துல எவன் குடும்பம் நடத்துறான்னு எனக்கு தெரியல. தாசில்தார் ஆபீஸுக்கு நாலு தடவ அலைஞ்சு சர்டிஃபிகேட் வாங்குனோம், அதுல என்ன எழுதியிருக்குன்னு இங்க பேச வேணாம்.

இதுல அந்த வருஷம் பாத்து ரூல மாத்திட்டாங்க. பக்கத்துல 1 கிலோமீட்டருக்குள்ள அரசாங்க ஸ்கூலோ எய்டட் ஸ்கூலோ இருந்தா அந்த பிரைவேட் ஸ்கூல் ஆர்டிஇ சீட்டே குடுக்க வேணாம்னு பிப்ரவரில ஆர்டர். ஏப்ரல்ல ஜெராக்ஸ் கடை அண்ணன் கம்ப்யூட்டர்ல, ஃபார்ம்ல வர்ற மேப்புல எங்க வீடு இருக்கற எடத்த குத்துனா லிஸ்ட்ல வந்தது பூரா முனிசிபலும் எய்டடும். எதுக்கு ஃபார்ம், நேரா போய் சேத்துடலாமேன்னு அந்த அண்ணன் சிரிக்கறாரு. நிறைய பேர் ஃபார்மே போடல. மே 6ஆம் தேதி ஹைகோர்ட் ஸ்டே குடுத்துச்சு, அப்புறம் மே 17ல இருந்து பழைய ரூல்படி மறுபடி மொதல்ல இருந்து ஃபார்ம்.

இந்த மேப் விஷயத்த கொஞ்சம் கவனமா கேளுங்க, புதுசா போடறவங்களுக்கு உபயோகமா இருக்கும். 2024ல 1 கிலோமீட்டருக்குள்ள இருந்த பிள்ளைக்கு மொத உரிமை, அப்புறம்தான் 3 கிலோமீட்டர் வரைக்கும். அட்ரஸ்ல எழுதறது ஒண்ணு, மேப்புல புள்ளி வேற இடத்துல இருந்தா வெரிஃபிகேஷன்ல தூக்கிடுவாங்க. எங்க சந்து மேப்புல கிடையவே கிடையாது. ஏப்ரல்ல வச்ச புள்ளி மெயின் ரோட்ல ஒரு மட்டன் கடை மேல இருந்திருக்கு, நான் கவனிக்கவே இல்ல. ரெண்டாவது தடவ வீட்டு வாசல்ல நின்னு போன்ல லொகேஷன் எடுத்து அத வச்சு குத்துனோம். வாடகை வீடுன்னா அக்ரிமென்ட் ரிஜிஸ்டர் ஆயிருக்கணும், ஃபார்ம் போடறதுக்கு முன்னாடி தேதியில. நோட்டரி பேப்பர் போதும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

மாநிலம் பூரா 1 லட்சத்துச் சொச்சம் சீட்டு, ஃபார்ம் 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல. ஜூன் 7 லாட்டரி எடுத்தாச்சு. எடுத்தாங்களே தவிர ரிசல்ட் சொல்லல, கோர்ட் தீர்ப்பு வரட்டும்னுட்டாங்க. இங்க ஜூன் பாதியில ஸ்கூல் தொறந்துருச்சு, தெருப் பிள்ளைங்க எல்லாம் குடையும் பையுமா போகுது, இவ மட்டும் வாசல்ல உக்காந்து எனக்கு எப்ப எனக்கு எப்பன்னு. பத்து நாள் பொறுத்தேன். அப்புறம் என் வளையல அடகு வச்சு பக்கத்துலயே ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் பிரைவேட் ஸ்கூல்ல மொத டேர்ம் பீஸ் 12 ஆயிரம் கட்டி சேத்துட்டேன். வீட்டுக்காரர் ரெண்டு நாள் என்கூட பேசல.

ஜூலை 19 அந்த ஆர்டர் செல்லாதுன்னு ஹைகோர்ட் தீர்ப்பு. அதுக்கப்புறம்தான் லிஸ்ட் வந்துச்சு, மெசேஜ் வந்துச்சு, சீட்டு கெடச்சுருச்சு, பத்தாவது வரைக்கும் இருக்கற ஸ்கூல், நடந்தா இருவது நிமிஷம். அழுதுட்டேன். கட்டுன 12 ஆயிரத்த திருப்பிக் கேட்டதுக்கு ரூல் இல்லைன்னுட்டாங்க, அவங்க யூனிஃபார்ம் வேற ஒரு மாசத்துப் புதுசு, இப்பவும் டிரங்குப் பெட்டியில கெடக்கு. புது ஸ்கூல்ல பீஸ் இல்லைன்னாலும் புஸ்தகம் யூனிஃபார்ம்னு 6 ஆயிரம் ஆச்சு. மொத நாள் ஆபீஸ்ல ஒரு மேடம் "ஆர்டிஇயா?"ன்னு கேட்ட கேள்வி எனக்குப் புடிக்கல. கிளாஸ் டீச்சர் அப்படி இல்ல, விட்டுப்போன பாடத்த அவங்களே உக்கார வச்சு சொல்லிக் குடுத்தாங்க.

எல்லாம் முடிஞ்சு ஒரு நாள் அட்மிஷன் பேப்பர நிதானமா படிக்கறேன், அதுல இருக்கு, ஃப்ரீ எட்டாவது வரைக்கும்தானாம். சட்டம் 14 வயசு வரைக்கும்தான். ஒம்பதாவதுல இருந்து எல்லாப் பிள்ளைங்க மாதிரி முழு பீஸ். எத நெனச்சுப் பயந்து இவ்வளவு ஓடுனேனோ அது ஒரு வருஷம் தள்ளி அங்கயே நின்னுட்டு இருக்கு. வீட்டுக்காரர்ட்ட சொன்னேன், அதுக்கு இன்னும் எத்தன வருஷம் கெடக்கு, தூங்குன்னாரு. நான் அடுத்த வாரமே பக்கத்து சந்து அக்கா நடத்துற சீட்டுல மாசம் 500க்கு பேர் குடுத்துட்டேன். வளையல் இன்னும் மீட்கல.