ஆறு மணி நேரம் கழித்து நெஞ்சுக்கு வந்தவள்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுத்துவிட வேண்டும் என்று செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் சொல்லியிருந்தார்கள். எனக்கோ சிசேரியன் ஆகிவிட்டது. தியேட்டரில் மகளின் முகத்தை ஒரு தரம் காட்டிவிட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். மதுரையில் பேர்போன ஆஸ்பத்திரிதான். கேட்டதற்கு "இங்கே இப்படித்தான்" என்று பதில். முதுகில் ஊசி போட்டு, தாய் முழித்திருந்தால் தியேட்டரிலேயே குழந்தையை நெஞ்சில் போடலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கையில் கிடைத்தபோது ஆறு மணி நேரம் ஓடியிருந்தது. அவள் அசந்து தூங்கினாள். உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்த அப்பத்தா, பிள்ளை நாக்கில் சேனை தொட்டு வைக்கச் சீனித்தண்ணியோடு நின்றது. "தொண்ட காயுதுல்ல தாயி, பச்சப்புள்ளைக்கு!"

நைட் டூட்டி சிஸ்டர்தான் வழி பண்ணினார். திரையை இழுத்துவிட்டு, கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, நைட்டியின் ஜிப்பை இறக்கினார். டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்ட பாப்பாவை, கால் தையலில் படாதபடி சற்றே குறுக்காக, என் மார்பில் கவிழ்த்துப் போட்டார். முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும், மூக்கு மறையக் கூடாது. முதுகுக்கு மேல் ஒரு போர்வை. "உங்களுக்குத் தூக்கம் வந்தா உடனே பிள்ளைய உங்க அம்மாட்ட குடுத்துருங்க."

அரை மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் மெதுவாகத் தலையைத் தூக்கினாள். கையை நக்கினாள். கோழிக்குஞ்சு மாதிரி அங்கேயும் இங்கேயும் கொத்திக் கொத்தி நகர்ந்தாள். இரண்டு முறை வழுக்கியது, மூன்றாவது முறை பிடித்துக்கொண்டாள். காம்பு மட்டும் வாயில் இருந்தால் புண்ணாகும் என்று சொல்லி, சுற்றியுள்ள கருவட்டமும் உள்ளே போகும்படி சிஸ்டர் சரிசெய்தார்.

வந்தது மஞ்சளாகச் சில சொட்டுதான். "இது எங்க பத்தும்?" என்றது அப்பத்தா.

"கன்னு போட்ட மாட்டுல சீம்பாலை முதல்ல யாருக்கு விடுவீங்க பாட்டி? அவ வயிறும் சின்னதுதான், இது போதும்" என்றார் சிஸ்டர். அப்பத்தா டம்ளரை ஜன்னலோரம் வைத்துவிட்டது.

எல்லாம் அதோடு சரியாகிவிடவில்லை. மூன்றாம் ராத்திரி விடாமல் அழுதாள். பவுடர் பால் வாங்கப் பணத்தைக்கூட எடுத்துவிட்டோம். மறுபடி சட்டையில்லாமல் நெஞ்சில் போட்டுக்கொண்டே விடிய வைத்தோம். நான் பாத்ரூம் போகும்போது என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாப்பாவைத் தன் நெஞ்சில் போட்டுக்கொண்டார். பக்கத்துக் கட்டில் அக்கா சிரித்தார், சிரிக்கட்டும். நாலாம் நாள் பால் நன்றாக இறங்கியது.

அன்றைக்குச் சாயங்காலம் ஊரிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தங்கள் வந்து, ஆளாளுக்குக் கையை நீட்டினார்கள். திரைக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அப்பத்தா விடவில்லை. "சத்தம் போடாதீங்கடி, பிள்ள நெஞ்சுல கெடக்கு!"