18 டெல்ஃபினி: மொட்டை மாடியிலிருந்து ஒரு மஞ்சள் ராட்சதன்

பஞ்சாங்கம் அவிட்டம் என்று சொல்லும் டெல்ஃபினஸ் விண்மீன் கூட்டத்தின் வால் முனையில் இருப்பது எப்சிலான் என்ற விண்மீன். அங்கிருந்து கிழக்கே, குதிரைக்குட்டி மண்டலத்தின் காமா விண்மீனுக்கு மனசுக்குள் ஒரு கோடு போடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு போனதும் கோட்டை ஒட்டி மங்கலாக ஒன்று தெரியும். அதுதான் 18 டெல்ஃபினி, நான் பொலிவை அளக்கப் போன விண்மீன். பொலிவெண் (எண் கூடக் கூட மங்கல்) 5.5 என்பதால் திருச்சி நகர வெளிச்சத்தில் வெறும் கண்ணுக்குச் சிக்காது, பைனாகுலர் வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் இரவு ஒன்பது மணி வாக்கில் இது திருச்சிக்கு ஏறக்குறைய உச்சிக்கே வந்துவிடுகிறது. டிரைபாடில் கேமராவை நட்டுக்குத்தலாக நிமிர்த்தி, மல்லாந்து படுத்துத்தான் வியூஃபைண்டரைப் பார்க்கணும். கழுத்துக்குக் கஷ்டம், அளவீட்டுக்கு லாபம்: அங்கே காற்றுமண்டலத்தின் தடிமன் மிகக் குறைவு.

50 மி.மீ. லென்ஸை வேண்டுமென்றே ஃபோகஸ் கலைத்து, சில விநாடி எக்ஸ்போஷரில் ரா படங்களாக (கேமரா மெருகேற்றாத மூலப் படங்கள்) எடுத்தேன். புள்ளியாக விழுந்தால் சென்சார் நிரம்பி வழிந்துவிடும். வட்டமாகப் பரவினால் ஒளியை ஒழுங்காகக் கூட்டலாம். பைனாகுலரில் பிடிபடாத நிறமும் இந்த வட்டங்களில் தெரிந்துவிடுகிறது. எப்சிலான் நீலம் கலந்த வெள்ளை, 18 டெல்ஃபினி உருக்கிய நெய்யின் மஞ்சள். அவ்வளவு நீலமான எப்சிலானோடு ஒப்பிட்டால் கணக்கு சாயும் என்று பொலிவெண் தெரிந்த ஒப்பீட்டு விண்மீனாகக் குதிரைக்குட்டியின் டெல்டாவை வைத்துக்கொண்டேன். படத்தின் பச்சை நிறப் பகுதியில் மட்டும் கணக்கிட்டபோது வந்த விடை 5.5. பட்டியலில் இருப்பதும் அதேதான்.

இனி எல்லாம் காகிதத்தில். பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறுவதுபோல் தெரியும் கோணம்தான் இடமாறு கோணம்; கயா விண்கலம் அளந்தது சுமார் 13 மில்லி ஆர்க்செகண்ட். தூரம் கிட்டத்தட்ட 250 ஒளியாண்டு. அப்படியானால் தனிப்பொலிவெண், அதாவது எல்லா விண்மீன்களையும் ஒரே தூரத்தில் வைத்துப் பார்த்தால் வரும் பொலிவெண், 1.1. சூரியனுக்கு 4.83. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மட்டும் சூரியனைப் போல 30 மடங்கு, அகச்சிவப்பையும் சேர்த்தால் 40-ஐ நெருங்கும். மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 4,980 கெல்வின். சூரியனைவிடக் குளிர்ந்த பரப்பு இவ்வளவு ஒளியைக் கொட்ட வேண்டுமானால் உடம்பு பெரிதாக இருந்தே ஆக வேண்டும். எனக்கு வந்த ஆரம் சூரியனைப் போல 8.3 மடங்கு, ஆய்வாளர்கள் சொல்வது ஏறக்குறைய 8.5. ஒரு பழைய கேமராவுக்கு இது போதும்!

நிறை 2.3 சூரியன்கள்தான். சராசரி அடர்த்தியைப் போட்டுப் பார்த்தால் நாம் சுவாசிக்கும் காற்றைப் போல நாலைந்து மடங்கு, அவ்வளவே.

இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், 2008-இல் ஜப்பானின் ஒகயாமா ஆய்வகத்து 188 செ.மீ. தொலைநோக்கி மூலம் அறிவிக்கப்பட்ட, இதைச் சுற்றும் கோள். குறைந்தது பத்து வியாழன் நிறை, சுற்றிவர 993 நாள். இளமையில் இந்த விண்மீன் வெள்ளையாக, வேகமாகச் சுழன்றிருக்கும். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகள் கொஞ்சம், அவையும் அகன்று கிடந்திருக்கும். ஊதிப் பெருத்துக் குளிர்ந்த பிறகுதான் கோடுகள் கூர்மையாகி, கோள் இழுக்கும் தள்ளாட்டம் அளவிடக் கிடைத்தது: விநாடிக்கு 119 மீட்டர். பச்சை ஒளியில் இந்தக் கோடுகள் 0.002 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் நுண்ணிய அலகு) நகரும். நம் மாடிக்கு எட்டாத சங்கதி.

எட்டக்கூடியது நிறமாலை. மழைக்காலம் முடிந்ததும் லென்ஸ் முன்னால் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கிரேட்டிங் மாட்டி, 5,170 ஆங்ஸ்ட்ராம் பக்கத்தில் மக்னீசியம் ஒளியை விழுங்குவதால் வரும் பள்ளம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குள் டெல்ஃபினஸ் மேற்கே இறங்கிவிடும் என்பதால் முதலில் கபெல்லா என்ற பிரகாசமான விண்மீனில் பழகப் போகிறேன். அதுவும் மஞ்சள் ராட்சதன்தான், ஒளிக்குப் பஞ்சமில்லை.