2029 ஜெயிச்சாரு, அந்த ஒண்ணு மட்டும் வரல

பேஸ்பால் பத்தி எழுதினா யாரு படிக்கப் போறாங்கன்னு எனக்கே தெரியும், ஆனா ரொம்ப நாளா இந்த மனுஷன் மண்டைக்குள்ளயே சுத்திட்டு இருக்காரு, எழுதிடறேன். பேரு மைக் மார்ட்டின். அமெரிக்கால ஃப்ளோரிடா ஸ்டேட் யூனிவர்சிட்டி பேஸ்பால் டீமுக்கு 1980ல ஹெட் கோச்சா உக்காந்தவரு 2019 வரைக்கும் எந்திரிக்கவே இல்ல. 40 சீசன், 2029 வெற்றி, 736 தோல்வி. டிவிஷன் ஒன், அதாவது டாப் லெவல் காலேஜ் பேஸ்பால்ல இவ்ளோ மேட்ச் ஜெயிச்ச கோச் வேற யாருமே கிடையாது. நேஷனல் சாம்பியன்ஷிப் எத்தனைன்னு கேட்டீங்கன்னா, பூஜ்யம்.

இந்த பூஜ்யத்துக்காகத்தான் எனக்கு அவரைப் புடிச்சதே.

மொதல்ல ஓமஹா விஷயத்தைச் சொல்லிடறேன். வருஷா வருஷம் ஜூன் மாசம் நெப்ராஸ்கால ஓமஹாங்கற ஊர்ல காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் நடக்கும், நாடு முழுக்க இருக்கற டீம்ல இருந்து வடிகட்டி வடிகட்டி கடைசில 8 டீம் தான் அங்க போகும், ரெண்டு தடவை தோத்தா பெட்டியக் கட்ட வேண்டியதுதான். மார்ட்டின் கோச்சா 17 தடவை அங்க டீமைக் கூட்டிட்டுப் போயிருக்காரு. அதுக்கு முன்னாடி 1965ல ப்ளேயராவும் அதே காலேஜுக்காகப் போனவரு. 1986 ஃபைனல்ல அரிசோனா 10-2ன்னு வெச்சு செஞ்சாங்க, அதைக் கூட விட்டுடலாம். 1999 ஃபைனல் தான் கொடுமை, 6-5, ஒரே ஒரு ரன், அதுவும் எதிர்ல யாரு, அதே ஸ்டேட்ல இருக்கற மயாமி!

அவரு இந்த வேலைக்கு வந்த கதையும் ஒரு மாதிரி வேடிக்கை தான். மைனர் லீக்ல, அதாவது ப்ரோ பேஸ்பாலோட கீழ் லெவல்ல, கொஞ்ச வருஷம் ஆடிப் பாத்தாரு, மேல போக முடியல. அப்புறம் ஃப்ளோரிடா ஸ்டேட் இருக்கற டாலஹாஸி ஊர்லயே ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல பாஸ்கெட்பால் (ஆமா, பாஸ்கெட்பால்!) கோச்சா இருந்தாரு. 1975ல தான் ஃப்ளோரிடா ஸ்டேட்ல அசிஸ்டன்ட். 1979ல ஹெட் கோச்சா வந்த டிக் ஹவுசர் ஒரே சீசன்ல நியூயார்க் யாங்கீஸ்ங்கற ப்ரோ டீமுக்கு மேனேஜர் ஆகிக் கிளம்பிட்டாரு, காலியான சீட் இவருக்கு வந்துச்சு. இப்ப அந்த ஸ்டேடியத்துக்கு ஹவுசர் பேரு, உள்ள இருக்கற ஃபீல்டுக்கு மார்ட்டின் பேரு. வந்து ஒரு வருஷத்துல போனவரும் போகவே போகாதவரும் ஒரே காம்பவுண்டுக்குள்ள.

காலேஜ் பேஸ்பால் கோச் வேலை எவ்ளோ கஷ்டம்னு வெளிய இருந்து பாத்தா தெரியாது. அவரோட கடைசி வருஷங்கள்ல ரூல் என்னன்னா டீமுக்கு மொத்தமே 11.7 ஸ்காலர்ஷிப், அதை 27 பசங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கலாம், அதாவது பெரும்பாலான பசங்களுக்கு ஃபீஸ்ல ஒரு பங்கு வீட்ல இருந்துதான் வரணும். அப்படிக் கூட்டிட்டு வந்து வளத்து விட்டா மூணாவது வருஷம் முடிஞ்சதும் டிராஃப்ட்ல (ப்ரோ டீமுங்க புது ப்ளேயர்களை வரிசையா தேர்ந்தெடுக்கற நாள்) ப்ரோ டீம் தூக்கிட்டுப் போயிடும். திரும்ப மொதல்ல இருந்து. இதுக்கு நடுவுல இவரு 40 வருஷமும், ஒரு வருஷம் கூட விடாம, 40 மேட்சுக்குக் கொறையாம ஜெயிச்சாரு. எனக்கு கப்பை விட இது தான் பெருசாத் தெரியுது, ஆனா ஓமஹால சொதப்புறவருன்னு கடைசி வரைக்கும் பேசினவங்க பேசிட்டே தான் இருந்தாங்க.

பஸ்டர் போஸியை இங்க சொல்லியாகணும். ஷார்ட்ஸ்டாப்பா (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கற ஃபீல்டர்) வந்த பையன், ரெண்டாவது வருஷம் கேட்சர், அதாவது நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி, ஆக்கிட்டாங்க. டிராவிட்டை ஒன்டேல கீப்பிங் பண்ண வெச்ச மாதிரின்னு வெச்சுக்கோங்க, ஆனா இங்க அது தற்காலிக ஏற்பாடு இல்ல, அவன் வாழ்க்கையே அதுதான் ஆயிடுச்சு. 2008ல ஒரு மேட்ச்ல ஒம்போது பொசிஷன்லயும் அவனை ஆட விட்டாரு மார்ட்டின், பிட்சிங் உட்பட, அதே மேட்ச்ல பையன் க்ராண்ட் ஸ்லாம் (ஒரே அடில நாலு ரன்) வேற அடிச்சான். அப்புறம் சான் ஃப்ரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் டீம்ல ஆடி மூணு வேர்ல்ட் சீரிஸ் (இது ப்ரோ டீமுங்களோட கப்) ஜெயிச்சான். சிஷ்யனுக்கு மூணு. அந்த 2008ல அவனை வெச்சுக்கிட்டே ஓமஹா போய் ரெண்டு மேட்ச்சும் தோத்து வந்தாங்கங்கறதையும் சொல்லிடணும்.

2018 மே மாசம் மார்ட்டின், ஆகி கரிடோங்கற இன்னொரு காலேஜ் கோச்சோட ரெக்கார்டைத் தாண்டினாரு, மொத்தம் 1975 வெற்றி அது. கரிடோ கிட்ட அஞ்சு நேஷனல் டைட்டில் இருந்துச்சு. அடுத்த வருஷம் தான் கடைசின்னு மார்ட்டின் சொல்லிட்டாரு, அந்த 2019 டீம் பாத்தா சுமார், ஓமஹாக்கு வடிகட்டற டோர்னமென்ட்டுக்குள்ள தட்டுத் தடுமாறி நுழைஞ்சப்ப கையில 36 வெற்றி தான். 40 கணக்கு இந்த வருஷம் உடையப் போகுதுன்னே நெனச்சேன். ஜார்ஜியா ஊருக்கே போய் ரீஜனலை, அதாவது மொத கட்டத்தை, ஜெயிச்சாங்க, 39. அடுத்த கட்டம் மூணு மேட்ச்ல ரெண்டு ஜெயிக்கணும், எல்.எஸ்.யூ.வோட (லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி) சொந்த க்ரவுண்டுல, பேட்டன் ரூஜ்ல, மொத மேட்ச் ஜெயிச்சு 40. ரெண்டாவது மேட்ச் வழக்கமான ஒம்போதைத் தாண்டி 12 இன்னிங்ஸ் போய் 5-4ன்னு ஜெயிச்சாங்க. ஓமஹா! 75 வயசு மனுஷனை பசங்க கட்டிப்புடிச்சதைப் பாத்தப்ப, சரி இந்த தடவை நடந்துரும்னு நானும் நம்பிட்டேன். ஆர்கன்ஸாவை 1-0ன்னு ஜெயிச்சாங்க, மிஷிகன் கிட்ட 2-0, டெக்சஸ் டெக் கிட்ட 4-1ன்னு தோத்தாங்க. முடிஞ்சுது.

அப்புறம் அவர் பையன் மூணு சீசன் கோச்சா இருந்து போயிட்டாரு. லிங்க் ஜாரெட்னு, மார்ட்டின் கிட்டயே ஷார்ட்ஸ்டாப்பா ஆடினவரு, வந்தாரு. மொத சீசன் 23-31, படு மோசம். 2024 பிப்ரவரி 1ம் தேதி மார்ட்டின் 79 வயசுல தவறிட்டாரு, அந்த சீசன் ஆரம்பிக்க ரெண்டு வாரம் இருந்துச்சு. அதே வருஷம் ஜாரெட் டீம் ஓமஹா போச்சு. டென்னசி கூட மொத மேட்ச், ஒம்போதாவது இன்னிங்ஸ்க்குப் போறப்ப 11-8 லீட், ஜெயிச்சாச்சுன்னு டீ போட எந்திரிச்சேன். 12-11ன்னு தோத்தாங்க.